ஒருவர் பறக்க எட்டுப் பேர்: மலைச்சரிவுக் கிளைடர்களும் அவற்றின் கழகங்களும்

ரிமோட் விமானம் என்று சொன்னால் எங்கட சனத்துக்கு முதலில் ஞாபகம் வருவது கலியாண வீட்டுக்கு மேலே ரீங்காரம் போட்டுச் சுற்றுகிற ட்ரோன்தான். நாங்கள் இங்கே எழுதப்போவது அதைப் பற்றி இல்லை. இதற்கு மோட்டர் கிடையாது, சுழலும் விசிறி கிடையாது, சத்தம் என்றும் பெரிதாக ஒன்றும் கிடையாது. மலைச்சரிவின் விளிம்பில் நின்று கையால் காற்றுக்குள் எறிந்துவிடுவார்கள். காற்று வீசுமட்டும், ரேடியோவின் பற்றரி தாங்குமட்டும் அது மேலேயே நிற்கும். சரிவுக் கிளைடர் என்று இதைச் சொல்லலாம்.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். பட்டத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போகாமல் பிடித்து வைத்திருப்பது நூல். கிளைடரில் நூலின் வேலையை அதன் பாரம் செய்கிறது. உண்மையில் கிளைடர் எந்த நேரமும் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, இறக்கத்தில் மிதிக்காமல் சைக்கிளில் போவதைப்போல. ஆனால் அந்த இறக்கத்தையே யாரோ முழுதாக மேலே தூக்கிக்கொண்டிருந்தால்? மலையில் வந்து மோதுகிற காற்றுக்குப் போக வேறு வழி இல்லை, மேலே எழும்புகிறது. கிளைடர் இறங்குகிற வேகத்தைவிடக் காற்று எழும்புகிற வேகம் கூடினால் அது விழாது. விஷயம் இவ்வளவுதான்.

விளங்குவது சுகம், பழகுவது அப்படி இல்லை. பழக வருகிறவருக்குக் கழகங்களில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற விதி ஒன்று இருக்கிறது: எப்போதும் மலையை விட்டு வெளிப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். மலைப்பக்கம் திரும்பினால் காற்று பின்னாலிருந்து தள்ளும். ஒன்றில் சரிவில் மோதும், இல்லாவிட்டால் முகட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். மறுபக்கத்தில் காற்று எழும்புவதில்லை, உருண்டு கீழே விழுகிறது. அதோடு சேர்ந்து விமானமும் விழும். அடுத்த சிக்கல் இடம் வலம். விமானம் எங்களை விட்டு விலகிப் போகும்போது வலம் வலம்தான். எங்களை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழ். பழையவர்கள் இதற்கு ஒரு சூட்சுமம் வைத்திருக்கினம்: உன்னை நோக்கி வரும்போது எந்தச் செட்டை தாழுதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு, தாழ்கிற செட்டைக்கு முண்டு கொடுக்கிற மாதிரி.

இதற்கு மேலே ஒரு கம்பி. பழகுகிறவரின் கருவியையும் பழக்குகிறவரின் கருவியையும் ஒரு வயரால் இணைப்பார்கள் (இப்போது வயர் இல்லாமலும் முடியும்). பழக்குகிறவரின் விரல் ஒரு சுவிச்சில் இருக்கும். அதை அழுத்திப் பிடித்திருக்குமட்டும் விமானம் மாணவரின் கையில். விட்டால் அடுத்த கணமே ஆசிரியரின் கைக்கு வந்துவிடும். விழப்போகிற விமானத்தை வேறொருவர் வாங்கி, நிமிர்த்தி, உயர்த்தி, ‘இந்தா, திரும்பப் பிடி’ என்று கொடுப்பார். யூரியூப்பில் எத்தனை வீடியோ பார்த்தாலும் இது கிடைக்காது.

கழகமாகக் கூடிக் காற்றில் பழகுகிற இந்த ஏற்பாட்டுக்கு நூறு வருஷத்துக்கு மேலான கதை இருக்கிறது. நாங்கள் அதைத் தேடி வாசித்தது விமான ஆசையால் மட்டும் இல்லை. இளம் ஆட்கள் சிலர் சேர்ந்து தங்கட பாட்டில் ஏதாவது பழகத் தொடங்கினால், அதை யார் யார் வந்து கையில் எடுக்கப் பார்ப்பார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கனக்க இல்லை.

ஆரம்பம் ஜேர்மனியில். ஒட்டோ லிலியென்தால் என்ற பொறியியலாளர் 1891இலிருந்து ஐந்தாறு வருஷமாக, தானே செய்த செட்டைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு குன்றுகளில் இருந்து குதித்துப் பறந்தார். பேர்லினுக்குப் பக்கத்தில் பறப்பதற்காகவே 15 மீற்றர் உயரத்துக்கு மண்ணைக் குவித்து ஒரு செயற்கைக் குன்றும் கட்டினார். 1896 ஓகஸ்டில் விழுந்து இறந்தார். அவரை வாசித்து வளர்ந்த ரைட் சகோதரர்கள் 1903இல் இயந்திரம் பூட்டிப் பறந்ததும் உலகம் கிளைடரை மறந்தது. ரைட்டுகள் மறக்கவில்லை. 1911 ஒக்ரோபரில் ஓர்வில் ரைட் அதே மணற்குன்றுகளுக்குத் திரும்பிப் போய், இயந்திரம் இல்லாமல், எழும்புகிற காற்றில் 9 நிமிடம் 45 செக்கன் நின்றார். பத்து வருஷத்துக்கு யாரும் அதை முறியடிக்கவில்லை.

அதே 1911இல் டார்ம்ஸ்டாட் நகரத்துப் பள்ளிக்கூடப் பெடியள் சிலர் ஒரு மலையைத் தேடிப்பிடித்தார்கள். தங்களுக்குள் ஒரு பறப்புக் கழகம் வைத்திருந்தவர்கள். கையில் காசு இல்லை, இயந்திரம் வாங்க வழி இல்லை. ஆகவே மலை வேண்டும், மரம் இல்லாத மலை. ரோன் மலைத்தொடரில் வாசர்குப்பே என்ற 950 மீற்றர் உயரமான மொட்டை மலை அவர்களுக்குக் கிடைத்தது. விடுமுறைக்கு விடுமுறை தங்கள் கிளைடர்களோடு அங்கே போனார்கள். 1912இல் அவர்களில் ஒருவரான ஹான்ஸ் குட்டர்மூத் 838 மீற்றர் தூரம், ஒரு நிமிடம் 52 செக்கன் பறந்தார். பெரியவர்கள் யாரும் சொல்லிக்கொடுத்து நடந்ததில்லை இது. இரண்டு வருஷத்தில் முதலாம் உலகப் போர் வந்தது. குட்டர்மூத் அதில் செத்துப்போனார். அந்தக் கூட்டத்தில் அவர் மட்டுமும் இல்லை.

போரில் தோற்ற ஜேர்மனிக்கு 1919இல் வேர்சாய் ஒப்பந்தம் விமானப் படையைத் தடை செய்தது. இயந்திர விமானங்களைக் கட்டுவதும் தடைக்குள்ளும் கடும் கட்டுப்பாட்டுக்குள்ளும் போனது. ஆனால் ஒப்பந்தத்தை எழுதியவர்களுக்கு இயந்திரம் இல்லாத விமானம் ஒன்று இருக்கலாம் என்றே தோன்றவில்லை. ‘ஃப்ளூக்ஸ்போர்ட்’ என்ற சஞ்சிகையின் ஆசிரியர் ஒஸ்கார் உர்ஸினஸ் அந்த ஓட்டையைக் கண்டார். 1920 கோடையில் எல்லாரும் வாசர்குப்பேக்கு வாருங்கள் என்று அழைப்பு எழுதினார். வந்தார்கள்: வேலை இழந்த போர் விமானிகள், பொறியியல் மாணவர்கள், தச்சர்கள். கூடாரத்திலும் கொட்டிலிலும் படுத்தார்கள். அந்த முதல் போட்டியிலேயே ஒருவர் விழுந்து இறந்தார். போட்டி முடிகிற நேரத்தில் ஆஹன் நகரத்து மாணவர் கழகத்தின் கறுப்புக் கிளைடரில் வொல்ஃப்காங் கிளெம்பெரர் இரண்டு நிமிடம் 22 செக்கன் பறந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னர் ஒரு பள்ளிக்கூடப் பெடியன் பறந்ததைவிட அரை நிமிடம்தான் கூட.

அடுத்த வருஷம் ஃப்ரீட்ரிக் ஹார்த் என்ற கட்டடக் கலைஞர் 21 நிமிடம் நின்று ஓர்வில் ரைட்டின் சாதனையை முறியடித்தார். இறங்கும்போது விழுந்து படுகாயமடைந்தார். அவருக்கு உதவியாளாக இருந்த இளைஞனின் பெயர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட். இரண்டாம் உலகப் போர்ப் படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரைத் தெரிந்திருக்கும்.

நாங்கள் திரும்பத் திரும்ப வாசித்தது 1922ஐ. ஹனோவர் பல்கலைக்கழக மாணவர்கள் ‘வாம்பியர்’ என்று ஒரு கிளைடரைக் கட்டினார்கள். அதுவரை வந்தவற்றில் பாதி, கம்பியும் துணியும் சேர்ந்த பெட்டிகள். வாம்பியரில் வெளியே தெரிகிற கம்பி இல்லை. செட்டையின் முன்விளிம்பை மெல்லிய ஒட்டுப்பலகையால் மூடி ஒரு குழாய் மாதிரி ஆக்கியிருந்தார்கள். முறுக்கத்தை அதுவே தாங்கும். நீளமான, ஒடுக்கமான செட்டை. இறங்குவதற்குச் சில்லு இல்லை, பந்துகளைப் பூட்டியிருந்தார்கள், கால்பந்து. ஓகஸ்ட் 18ஆம் திகதி ஆர்தூர் மார்ட்டென்ஸ் அதில் ஏறி ஒரு மணித்தியாலத்துக்கு மேலே சரிவுக் காற்றிலேயே போவதும் வருவதுமாக நின்றார். உலகத்தில் அதுவரை யாரும் செய்யாதது. சில நாட்களில் ஃப்ரீட்ரிக் ஹென்ட்சன் அதே விமானத்தில் மூன்று மணித்தியாலம் தாண்டினார். ஒரு கோடைக்குள் கணக்கு நிமிடத்திலிருந்து மணித்தியாலத்துக்கு மாறியது. இன்றைக்கு ரிமோட்டில் பறக்கிற கிளைடரின் செட்டையை எடுத்துப் பார்த்தாலும் பல இடங்களில் வாம்பியரின் உறவு தெரியும். அதே வருஷம் ஒக்ரோபரில் இங்கிலாந்தின் இட்ஃபோர்ட் குன்றில் ஒரு பத்திரிகை 1000 பவுண் பரிசு வைத்து நடத்திய போட்டியில் பிரெஞ்சுக்காரர் மனெரோல் 3 மணித்தியாலம் 21 நிமிடம் நின்று ஹென்ட்சனையும் தாண்டினார். சரிவுப் பறப்பு ஒரு நாட்டின் சொத்தாக இரண்டு மாதம்கூட இருக்கவில்லை.

சாதனைகளைவிட எங்களுக்குப் பிடித்தது பழக்கிய முறை. 1924இல் மார்ட்டென்ஸ் வாசர்குப்பேயில் பள்ளிக்கூடம் தொடங்கினார். சில வருஷத்தில் ‘சோக்லிங்’ என்ற பயிற்சிக் கிளைடர் வந்தது. பெயருக்கு அர்த்தம் ‘மாணாக்கன்’. அது விமானம் என்பதைவிட ஒரு படலைக்குச் செட்டை வைத்தது மாதிரி இருக்கும். ஒரு மரச்சட்டம், மேலே செட்டை, கீழே சறுக்குக் கட்டை, முன்னால் திறந்த வெளியில் ஒரு சின்ன ஆசனம். ஆசனம் ஒன்றே ஒன்று. அதாவது முதல் நாளிலிருந்தே மாணவர் தனியாகத்தான் பறக்க வேண்டும், ஆசிரியர் கீழே நிலத்தில் நின்று கத்துவார்.

அதைக் காற்றில் ஏற்ற இயந்திரம் இல்லை, ஆட்கள்தான். முன்மூக்கில் ஒரு கொளுக்கி, அதில் நீண்ட றப்பர்க் கயிறு. கயிற்றின் இரண்டு நுனியையும் பக்கத்துக்கு நாலு பேர் என்று பிடித்துக்கொண்டு சரிவில் ஆங்கில ‘வீ’ வடிவத்தில் கீழ்நோக்கி நிற்பார்கள். வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று பேர். மூன்று கட்டளை: இழு, ஓடு, விடு. முதல் கட்டளைக்கு எட்டுப் பேரும் நடந்து கயிற்றை நீட்டுவார்கள். இரண்டாவதற்கு ஓடுவார்கள். மூன்றாவதற்கு வாலைப் பிடித்தவர்கள் கையை எடுக்க, கவணில் இருந்து கல் போவது மாதிரி விமானம் அவர்களின் தலைக்கு மேலால் போகும். அரை நிமிடத்தில் சரிவின் அடியில் இறங்கும். பிறகு எல்லாரும் சேர்ந்து அதை மலைக்கு மேலே இழுத்துக்கொண்டு வர வேண்டும். அடுத்தவர் ஏறுவார். முன்னர் பறந்தவர் கயிற்றுக்குப் போவார்.

கணக்குப் பார்த்தால் விளங்கும். அரை நிமிடப் பறப்புக்கு மிச்சப் பொழுது முழுக்க மற்றவருக்குக் கயிறு இழுப்பது, விமானம் சுமப்பது, உடைந்ததை ஒட்டுவது. ஏ, பீ, சீ என்று மூன்று தேர்வு இருந்தது: ஏயிற்கு 30 செக்கன் பறந்தால் போதும், பீயிற்கு ஒரு நிமிடம், சீயிற்கு ஏறிய இடத்தைவிட உயரத்தில் ஐந்து நிமிடம். சீ கிடைத்தால் நீலப் பின்னணியில் மூன்று வெள்ளைக் கடற்புறா போட்ட சின்னம். எங்கட ஊர் விளையாட்டுக் கழகங்களில் பிட்ச் உருட்டுகிற வேலையைச் செய்தவனுக்குத்தான் கடைசி ஓவரில் மட்டை கிடைக்கும் என்று ஒரு எழுதாத சட்டம் இருந்ததே, கிட்டத்தட்ட அதே கணக்கு.

கழகத்துக்குள் கதவு எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறந்ததும் இல்லை. கிழக்குப் பிரசியாவின் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் ஃபேர்டினாண்ட் ஷூல்ட்ஸ் தானே ஒரு கிளைடர் செய்துகொண்டு வாசர்குப்பேக்கு வந்தார். தும்புத்தடி மாதிரிக் கம்புகளால் கட்டிய அந்த விமானத்துக்கு ‘விளக்குமாற்றுப் பெட்டி’ என்றே பட்டப்பெயர். தொழில்நுட்பக் குழு பார்த்துவிட்டு, இது பாதுகாப்பில்லை என்று பறக்க விடவில்லை. 1924 மே மாதம் தன்னுடைய ஊர்ப்பக்கத்து ரொசிற்றன் கடற்கரை மணற்குன்றுகளில் அதே பெட்டியில் ஏறி ஷூல்ட்ஸ் 8 மணித்தியாலம் 42 நிமிடம் நின்றார். உலக சாதனை. நிபுணர்களின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேணும். (நிபுணர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. ஷூல்ட்ஸ் 1929இல் வேறொரு விமானம் காற்றில் உடைந்து இறந்தார்.)

1929இன் பெரிய பெயர் ரொபேர்ட் குரோன்ஃபெல்ட். ஒஸ்ரியாவில் பிறந்த யூதர், அப்போது 25 வயது. அந்த வருஷம் மே மாதம் டொய்ற்றோபேர்க் காட்டின் மலைமுகட்டைப் பிடித்துக்கொண்டு 100 கிலோமீற்றருக்கு மேலே பறந்தார். இயந்திரம் இல்லாமல் 100 கிலோமீற்றரைத் தாண்டிய முதல் ஆள். இரண்டு வருஷம் கழித்து ஒரே நாளில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து திரும்பியும் வந்தார். ஜேர்மன் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின, இளம் ஆட்கள் அவரைப் பார்த்துக் கழகங்களில் சேர்ந்தார்கள். அவர் எழுதினார், விளக்கினார், பழக்கினார்.

1933 ஜனவரியில் ஹிட்லர் வந்தார். அந்த வருஷத்துக்குள்ளேயே நாடு முழுதும் இருந்த பறப்புக் கழகங்கள் கலைக்கப்பட்டு அரசின் ஒரே சங்கத்துக்குள் இழுக்கப்பட்டன. கழகத்தின் கொட்டில், கயிறு, விமானம் எல்லாம் அங்கே போனது. யூத உறுப்பினர்கள் வெளியே போனார்கள். குரோன்ஃபெல்ட் ஜேர்மனியை விட்டுப் போய்க் கடைசியில் இங்கிலாந்தில் குடியேறினார், அந்த நாட்டுப் பிரஜை ஆனார், போரில் பிரித்தானிய விமானப் படையில் கிளைடர் வேலை செய்தார். 1948இல் வால் இல்லாத ஒரு புதுவகைக் கிளைடரைச் சோதிக்கும்போது விழுந்து இறந்தார். அவரைத் துரத்திய நாட்டில் அவருடைய சாதனைகள் ‘ஜேர்மன் இனத்தின்’ பறப்பு வரலாறாகப் பேசப்பட்ட காலத்தில், அவருடைய பெயரைச் சொல்ல ஆள் இல்லை.

இங்கே எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. வாசர்குப்பே முதலில் அப்பாவியாக இருந்து பிறகு கெட்டதா, அல்லது முதலிலேயே அதற்குள் போர் இருந்ததா? முதலிலேயே கொஞ்சம் இருந்தது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். 1923இல் மலை உச்சியில் போரில் இறந்த விமானிகளுக்கு ஒரு கழுகுச் சிலை வைத்தார்கள். தோல்வியின் கோபம் அந்தக் கூடாரங்களில் நிறையவே இருந்தது. அரசின் பணமும் மெல்ல மெல்ல வந்தது. போட்டிகளைப் பார்க்கத் தொடர்ந்து வந்த படை அதிகாரிகளில் ஒருவர் கேர்ட் ஸ்டூடன்ட். ஆனால் ஒட்டுப்பலகை அரிந்துகொண்டிருந்த மாணவர்கள் எல்லாரையும் இதற்குள் போட்டுக் கட்டவும் மனம் வரவில்லை. குரோன்ஃபெல்ட்டும் அதே கூடாரத்தில்தான் படுத்தார்.

அரசு செய்தது கெட்டித்தனமான வேலை. பழைய கழக முறையை அது மாற்றவில்லை, அப்படியே எடுத்தது. பாடசாலைகளில் மொடல் விமானக் கட்டுமானத்தைப் பாடமாக்கினார்கள். பத்து வயதுப் பிள்ளை ஒட்டுப்பலகையில் மொடல் கிளைடர் செய்து குன்றில் இருந்து விடும். பதினாலு வயதில் ஹிட்லர் இளைஞர் அமைப்பின் பறப்புப் பிரிவில் சேர்ந்து றப்பர்க் கயிறு இழுக்கும், ஏ, பீ, சீ எடுக்கும். அதற்குப் பிறகு விமானப் படை. வேர்சாய் தடை செய்த அந்தப் படை இருக்கிறதென்று 1935இல் பகிரங்கமாக அறிவித்தபோது, அதற்கு ஆள் எடுக்க மலைச்சரிவுகளில் ஒரு தலைமுறையே தயாராக நின்றது. பிள்ளைகளுக்கு ஒன்றும் மாறியதாகத் தெரிந்திருக்காது. அதே மலை, அதே கயிறு, அதே மூன்று கட்டளை. சட்டைதான் வேற.

1940 மே 10 விடியற்காலை, பெல்ஜியத்தின் எபென் எமாயெல் கோட்டையைப் பிடிக்க 11 கிளைடர்கள் புறப்பட்டன. ஒன்பது கோட்டையின் கூரையிலேயே வந்து இறங்கின. சத்தம் இல்லாதபடியால் காவலில் நின்றவர்களுக்குக் கடைசி நேரம்வரை எதுவும் விளங்கவில்லை. அடுத்த நாள் கோட்டை சரணடைந்தது. கிளைடர்களை ஓட்டியவர்களில் போருக்கு முந்திய போட்டிகளில் பறந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் படைப்பிரிவின் தளபதி கேர்ட் ஸ்டூடன்ட். ஆம், மலைக்குப் போட்டி பார்க்க வந்த அதே ஆள்.

போர் முடிந்த பிறகு நடந்த ஒரு கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். கிளைடரில் பழகி, நாசிகளின் பேர்பெற்ற சோதனை விமானி ஆகி, 1945 ஏப்ரல் கடைசியில் எரிகிற பேர்லினுக்குள் ஹிட்லரைப் பார்க்கப் பறந்து போனவர் ஹன்னா ரைட்ச். 1960களில் அவர் இருந்த இடம் கானா. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற அந்த நாட்டின் தலைவர் குவாமே நுக்ருமாவின் அழைப்பில் அஃபியன்யா என்ற இடத்தில் இளைஞர்களுக்குக் கிளைடர்ப் பள்ளி நடத்தினார். முதலில் மொடல் கட்டுவது, பிறகு பறப்பது, கூட்டாக வேலை செய்வது, ஒழுக்கம். பாடத்திட்டம் எங்கேயோ கேள்விப்பட்டதுபோல இருக்கா? 1966 ஆட்சிக்கவிழ்ப்போடு அதுவும் முடிந்தது. புது நாட்டைக் கட்ட நினைத்த ஒரு ஆபிரிக்கத் தலைவருக்கும் அதே முறைதான் கவர்ச்சியாகத் தெரிந்தது என்பதை எப்படி எடுப்பதென்று எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை.

இனி ரேடியோ. மொடல் கிளைடரைச் சரிவில் விட்டால் அது தன்பாட்டில் போகும். காற்றுக்கு எதிர்முகமாகவே நிற்கப் பண்ண, மூக்கில் ஒரு காந்தத் திசைகாட்டியை வைத்து அதைச் சுக்கானோடு இணைக்கிற ஒரு முறை வந்தது. இன்றைக்கும் அதற்கென்று போட்டிப் பிரிவு இருக்கிறது. ஆனால் போனதைத் திரும்பக் கூப்பிட ரேடியோ வேண்டும். அமெரிக்காவில் வால்ட்டர், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் 1937இல் ‘பிக் கஃப்’ என்ற இயந்திர மொடலை ரேடியோவால் ஓட்டிக் காட்டினார்கள். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதையும் போர் விட்டுவைக்கவில்லை. ஹொலிவூட்டில் நடித்துக்கொண்டிருந்த ரெஜினால்ட் டென்னி என்ற ஆங்கில நடிகருக்கு மொடல் விமானப் பைத்தியம், அதற்கென்று கடையே வைத்திருந்தார். ரேடியோவில் ஓடுகிற விமானத்தைப் பீரங்கிக்காரர் சுட்டுப் பழக இலக்காக விற்கலாம் என்று யோசித்து ‘ரேடியோபிளேன்’ கம்பனியைத் தொடங்கினார். போர்க்காலத்தில் அமெரிக்கப் படைகளுக்கு ஏறத்தாழ 15,000 விமானங்கள் போயின. 1945இல் அந்தத் தொழிற்சாலையைப் படம் எடுக்க வந்த படைப் புகைப்படக்காரர் விசிறி பூட்டிக்கொண்டிருந்த ஒரு இளம் பெண்ணைக் கண்டார். நோர்மா ஜீன், பிறகு மர்லின் மன்றோ. இந்தக் கதையை எல்லாரும் மன்றோவுக்காகச் சொல்லுவினம். எங்களுக்கு அதில் உறுத்துவது வேறு. இன்றைய ஆளில்லாப் போர் விமானத்தின் குடும்ப மரத்தில் ஒரு பொம்மைக் கடை இருக்கிறது. வன்னியில் சனம் ‘வண்டு’ என்று பெயர் வைத்த விமானம் எந்த வேரிலிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு வேர் அங்கே போகும். அது வந்து சுற்றிவிட்டுப் போனால் பின்னால் என்ன வருமென்று அங்கிருந்த சின்னப்பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

1945க்குப் பிறகு ஜேர்மனியில் கிளைடரும் தடை. இந்தமுறை ஓட்டை விடவில்லை. 1951இல்தான் திரும்பப் பறக்க விட்டார்கள், கழகங்கள் திரும்பக் கூடின. வாசர்குப்பே உச்சியில் பனிப்போர்க்கால ரேடார் கோளங்கள் முளைத்தன, கீழே சரிவில் கிளைடர்கள்.

அந்தக் காலத்தில் ரேடியோ மொடல் ஓட்டியவர்களின் பொறுமையை நினைத்தால் தலை சுத்தும். கையில் ஒரேயொரு பொத்தான். விமானத்துக்குள் முறுக்கிய றப்பர் வளையத்தால் இயங்குகிற ஒரு பல்லுச்சக்கரம். அழுத்தினால் சுக்கான் வலப்பக்கம், விட்டால் நடு, திரும்ப அழுத்தினால் இடப்பக்கம். கடைசியாக எந்தப் பக்கம் போனது என்று ஞாபகம் வைத்திருக்க வேண்டும், மறந்தால் மலைக்குள்தான். மேலே கீழே என்று கேட்கவே கூடாது. 1960களில் குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு திரும்புகிற கருவிகள் வந்த பிறகுதான் சாதாரண ஆட்கள் சரிவுக்கு வந்தார்கள்.

வந்ததும் ஒரு புதுப் பிரச்சினை. ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் கருவியைப் போட்டால் ஒருவருடைய விமானம் விழும். ஆகவே சரிவில் ஒரு பலகை, பலகையில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஓர் அலைவரிசை இலக்கம். உன் இலக்கக் கிளிப்பை எடுத்துச் சட்டையில் குத்தினால்தான் கருவியைப் போடலாம். வேறு யாரும் வைத்திருந்தால் அவர் இறக்குமட்டும் புல்லில் இருந்து பார். புதிதாக வந்த ஒருவர் ஆரோடும் கதைக்காமல் தன்பாட்டில் பறந்துவிட்டுப் போக வழியே இல்லை. 1920களில் றப்பர்க் கயிறு செய்த வேலையைப் பிறகு இந்தக் கிளிப் செய்தது. 2000களின் நடுவிலிருந்து தானாகவே வெற்று அலைவரிசையைத் தேடிக்கொள்கிற கருவிகள் வந்தன, பலகைகள் கழற்றப்பட்டன. நல்ல மாற்றம்தான், எத்தனையோ விமானங்கள் தப்பின.

விமானமும் மாறியது. மாதக் கணக்கில் பால்சா மரத்தில் கட்டியதை ஒரு மோதலில் இழப்பது பழையவர்களின் விதி. 1990களில் அடித்தாலும் உடையாத, துள்ளி எழும்புகிற ஒருவகை நுரையில் பறக்கும் செட்டைகள் வந்தபோது பழகுகிறவர்களின் பயம் பாதியாகக் குறைந்தது. மோதவிட்டு விளையாடுகிற போட்டிகளே தொடங்கின. மறுபக்கம், முகட்டுக்குப் பின்னால் போகாதே என்ற அந்த முதல் நாள் விதியை வேண்டுமென்றே மீறுகிற கூட்டம் ஒன்றும் உருவாகியது. முகட்டுக்கு மேலே வீசுகிற வேகக் காற்றுக்கும் அதன் பின்னால் அசையாமல் கிடக்கிற காற்றுக்கும் நடுவே வட்டம் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கூடும், அல்பட்ரோஸ் பறவை கடலில் செய்வதைப்போல. இயந்திரமே இல்லாத மொடல் கிளைடர் இப்படி மணிக்கு 880 கிலோமீற்றரைத் தாண்டியிருக்கிறது. பயணிகள் ஜெட் விமானத்தின் வேகம் அது.

வாசர்குப்பேயில் இப்போது ஒரு கிளைடர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் பெயரிலேயே மொடல் பறப்பும் சேர்ந்திருக்கிறது. ரேடார் கோளங்களில் ஒன்று மட்டும் மிச்சம், சனம் ஏறிப் பார்க்கிறது. மேற்குக் காற்று நாட்களில் ரேடியோ கிளைடர்க்காரர் போய் நிற்பது ‘வெல்ற்றன்ஸேக்லர்’ என்ற சரிவில். 1921 போட்டியில் காற்றில் உடைந்து விழுந்த ஒரு விமானத்தின் பெயர் அது, ஓட்டிய வில்லி லொய்ஷ் அதில் இறந்துபோனார். புதிதாகப் பழக வருகிறவர்கள் நுரை விமானத்தை எறிகிறதும் அங்கேதான்.